முப்பதாம் நாள் நல்லெண்ணெய்

சமையல் எண்ணெய்கள் எத்தனை நாள் கெடாமல் தாக்குப்பிடிக்கும் என்று அளப்பதுதான் நியூ ஜெர்சி ஆய்வகத்தில் வாஞ்சிநாதனின் வேலை. அறுபது டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்த சோள எண்ணெய் எட்டாம் நாளே சிக்கு வாடை அடித்தது. சூரியகாந்தி அதற்கும் முன்பே. நல்லெண்ணெய் மட்டும் முப்பதாம் நாளும் அன்று ஆட்டியதுபோல் மணத்தது.

"ஷ்யாமளா, ஆன்டி-ஆக்ஸிடென்ட்னா இதுதான்! நாளைக்கு டைரக்டர்கிட்ட ரிப்போர்ட் சப்மிட் பண்றேன். அப்புறம் என் வேலை பெர்மனென்ட்!" என்று ஆய்வகத்துச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே மதியம் குதித்தார்.

அதே ஆய்வகத்தில் குடுவை கழுவும் வேலை பார்த்த மனைவி ஷ்யாமளா, இட்லிப் பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்தாள்.

"வெளியில ஜனவரி ஸ்னோ. உன் எண்ணெய் மட்டும் எப்படிம்மா தினமும் வெதுவெதுன்னு இருக்கு?"

"பேசாம சாப்பிடுங்கோ."

ஆறு இட்லி உள்ளே போயிற்று. "இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடேன்."

"இருங்கோ, எடுத்துண்டு வரேன்" என்று உள்ளே போனவள் ஒரு குடுவையோடு திரும்பினாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய கையெழுத்து: 'நல்லெண்ணெய், நாள் 30.'

வாஞ்சிநாதனுக்கு விக்கல் எடுத்தது. "அடிப்பாவி! இதுலேருந்தா தினமும்...?"

"ஏன் கத்தறேள்? எண்ணெய் சில்லுனு இருந்தா உங்களுக்குத்தானே பொடி இறங்காது! சூடா இருக்கறதை எடுத்துண்டு, வீட்டு எண்ணெயை அதுல ஊத்தி வச்சுடறேன். ஒரு நாளாவது ஒரு சொட்டுக் குறைஞ்சிருந்தா கேளுங்கோ!"