கூப்பிடு தூரம்

"ஹீட்டர் சூடாகவே மாட்டேங்குதுங்க. சின்னவன் விறைச்சுப் போயிருக்கான்," என்றாள் தாரிணி. புருஷனுக்குப் புது வேலை. ஹாம்பர்க் ஃப்ளாட்டுக்குக் குடிவந்து இரண்டே நாள். போனில் பெரியவளின் அழுகையும் கேட்டது.

"ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக் குமிழ் இருக்கும். இடது பக்கம் திருப்புங்க." காலையிலிருந்து பேசிப் பேசி வந்தனாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"ஆமாங்க, சூடு வருது. பால் எங்க கிடைக்கும்?"

"பேக்கரியைத் தாண்டினதும் கடை. பின்வாசல் வழியா போங்க, குழந்தை வண்டியைத் தள்ளிட்டுப் போக அங்கே சரிவு இருக்கு."

தாரிணியின் குரல் உடைந்தது. "இந்த ஊர்ல எனக்கு உங்களை விட்டா யாருங்க? ஞாயித்துக்கிழமை உங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டுச் சாப்பிட வாங்க."

"பார்க்கறேன்," என்ற வந்தனா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, திரையில் விரிந்திருந்த ஹாம்பர்க் வரைபடத்தை மூடினாள். எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது என்பது, வெளிநாட்டில் குடியேறுகிறவர்களுக்குப் போனில் வழிகாட்டும் அவளுடைய கம்பெனியின் உத்தரவு.

மும்பை செம்பூரில் இருந்த ஆபீஸை விட்டு இறங்கி, குர்லாவில் ரயில் மாறி, கல்யாண் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.

பிள்ளைகளோடு அங்கே குடிவந்து ஆறு மாதமாகிறது. அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட அவளைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.