இடது மரை

“இவனை வெச்சிக்கினு பெரிய பேஜாருய்யா! நட்டைக் கழட்டுடான்னா போல்ட்டையே முறிச்சிட்டு நிக்கிறான்!”

சவுரிராயன் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள்ளேயே வசவு காதில் விழுந்தது. திண்டிவனத்தில் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருப்பவன் அவன். விழுப்புரம் ரோட்டில் ஒரு கார் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பஸ் டிரைவர் சொன்னதும் மிதித்துக்கொண்டு வந்திருந்தான்.

திட்டியவர் மிராசுதார் சுப்பராயலு. கார் அவருடையது. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. கார் பளபளத்தது, அவர் காலில் போட்டிருந்த பம்ப் ஷூ அதைவிடப் பளபளத்தது. சம்பந்தி ஆகப்போகிற கிருஷ்ணசாமியைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் புறப்பட்டவர். வழியில் இடது பின் சக்கரம் பஞ்சர். உடனே புளியமர நிழலில் போய்ப் படுத்துவிட்ட சம்பந்தி, வசவு கேட்டுத்தான் எழுந்து வந்திருந்தார்.

திட்டு வாங்கியவன் டிரைவர் விருத்தாசலம். ஐம்பது வயது இருக்கும். காலில் செருப்பு கூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நீயே பார்த்துச் சொல்லு மேஸ்திரி. இவன் தப்புதானே இது? ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லு, இங்கியே சீட்டைக் கிழிச்சிடறேன்.”

சொல்லிவிட்டு அவர் சம்பந்தியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

சவுரிராயன் குனிந்து பார்த்தான். அஞ்சு போல்ட்டில் ஒன்று முறிந்திருந்தது. கிரீஸ் அப்பிய ஸ்பானர் பக்கத்தில் கிடந்தது. நடந்தது என்ன என்று புரிய அவனுக்கு அரை நிமிஷம் ஆகவில்லை.

இந்த ஜாதிக் கார்களில் இடது பக்கச் சக்கரத்துக்கு மட்டும் இடது மரை. மற்ற நட்டுகளைக் கழற்றுகிற பக்கமாகத் திருப்பினால் இது கழலாது, இன்னும் இறுகும். கழலவில்லையே என்று ஆத்திரப்பட்டு ஸ்பானர் மேல் ஏறி மிதித்தால், மடக்கென்று போல்ட்டு முறியும்.

இதுகூடத் தெரியாமல் டிரைவர் வேலைக்கு வந்துவிடுகிறார்களே என்று சவுரிராயனுக்கும் எரிச்சல்தான்.

“ஏண்ணே, முன்னே பின்னே சக்கரம் கழட்டினதே இல்லியா நீ?” என்று அவனும் தன் பங்குக்கு ஒன்று போட்டான்.

விருத்தாசலம் குனிந்து ஸ்பானரை எடுத்தான்.

“மீதி நாலையும் தொட்டுடாதே. எண்ணெய் எடுத்தாறேன்.”

சைக்கிளிலிருந்து எண்ணெய்ச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பினால், நாலு நட்டும் கழன்று ஒரு துணிமேல் வரிசையாக இருந்தன.

“எந்தப் பக்கம் திருப்பினே?”

“வலப்பக்கமாங்க. இடது சக்கரம் தலைகீழாத்தானே இருக்கும்?”

“அது உனக்குத் தெரியுமா?”

“ஏழு வருசமா இந்த மாதிரி காருதாங்க ஓட்டிக்கினு இருக்கேன்.”

“தெரிஞ்சுமா முறிச்சே?”

விருத்தாசலம் மிராசுதாரைப் பார்த்தான். அப்புறம் சம்பந்தியைப் பார்த்தான்.

“நல்ல காரியத்துக்குப் போற நேரங்க. தப்பு என்னுதுதான். விட்டுடுங்க மேஸ்திரி.”

சவுரிராயனுக்கு ஒன்றும் ஓடவில்லை. எசமான் போட்ட சத்தத்தில் கை மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தான் மட்டும் யோக்கியமா? நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் காரில் இதே போல இரண்டு போல்ட்டை முறித்துவிட்டு, பழியைத் துருவின் மேல் போட்டுத் தப்பித்தவன். தனக்கு ஒரு நியாயம், இந்த மனுஷனுக்கு ஒரு நியாயமா? கொஞ்சம் முன்னால் கேட்ட கேள்வியை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

“என்ன மேஸ்திரி, யார் தப்பு? சொல்லு, ஜல்தி!”

“யார் தப்பும் இல்லீங்க எசமான். கப்பல்லே வந்த காரு. உப்புக் காத்து பட்டு போல்ட்டு உள்ளே துரு புடிச்சிருக்குது. யார் கை வெச்சிருந்தாலும் முறிஞ்சிருக்கும். நாலு நட்டோட மெதுவாப் போய்ட்டு வந்துடலாம்ங்க.”

சுப்பராயலுவின் முகம் மலர்ந்துவிட்டது. இரக்கமும் பொங்கிக்கொண்டு வந்தது.

“சரி, புள்ளகுட்டிக்காரன். இந்தத் தடவை மன்னிச்சிட்டேன் போ.”

“உங்க மனசு யாருக்கு வரும் சம்பந்தி!” என்று கிருஷ்ணசாமி உருகிப்போனார். “எங்க பொண்ணு வாழப்போற வீட்டுலே இப்படி ஒரு மனுசன் இருக்கிறது அதிர்ஷ்டம்தான்!”

விருத்தாசலம் இருவரையும் கும்பிட்டான்.

ஸ்டெப்னி மாட்டியாயிற்று. சவுரிராயன் குந்தி உட்கார்ந்து ஜாக்கியை இறக்கி வெளியே இழுத்தான். சுப்பராயலு ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்கினார். ஷூவின் அடிப்பாகம் அவன் கண்ணுக்கு நேராக வந்தது.

குதிகாலுக்கு முன்னால், தரையில் படாத அந்த வளைவில், குறுக்கே கறுப்பாக ஒரு கிரீஸ் கோடு. சரியாக ஸ்பானர் கைப்பிடி அகலம்.

அவன் திரும்பி விருத்தாசலத்தின் காலைப் பார்த்தான். வெறுங்கால். ரோட்டு மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

“எசமான், கொஞ்சம் இருங்க. ஷூ அடியிலே கிரீஸ் ஒட்டிக்கினு இருக்குது. புடவை வைக்கப்போற வண்டி, கறை பட்டா போவாது.”

சுப்பராயலுவின் கால் அந்தரத்திலேயே நின்றது. விருத்தாசலம் பதறிப்போய், மேஸ்திரி கையிலிருந்த துணிக்குக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

சவுரிராயன் துணியை அவனிடம் கொடுக்கவில்லை.

“நீ விடுண்ணே. எசமானே தொடச்சிக்கட்டும். எப்படி ஒட்டிச்சின்னு அவருக்குத்தானே தெரியும்.”