மறுபக்கத்துப் பள்ளம்

ஜோடிக் காளைகளில் செந்நிறச் செவலை செத்த நாளிலிருந்து சாம்பல் நிற மயிலை சோளத்தட்டையில் வாய் வைக்கவில்லை. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று தங்கலட்சுமி வியாபாரியை வரச் சொல்லிவிட்டாள். அவள் புருஷன் சுந்தரபாண்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். விதைப்புக்கு முந்தைய வேலையைப் பார்த்தார்.

கரிசல் காட்டில் சூப்பர் பாஸ்பேட் உரத்தை வெறுமனே போட்டால், மண்ணிலுள்ள சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு விடாது. அதனால் தொழுவத்துச் சாணத்தோடு கலந்து குவித்து, மேலே மண் குழைத்து மெழுகினார். பாதிச் சாணம் செவலை போட்டது. ஒரு மாதம் அது உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கிடக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மயிலை குவியலில் சாய்ந்து படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. முன்னால் கிடந்த தட்டை தீர்ந்திருந்தது. ஈர மெழுகில் அதன் விலா பதிந்து பள்ளமாகியிருந்தது. மயிலையின் கயிறு எட்டாத மறுபக்கத்திலும் அதே போல ஒரு பள்ளம். அதில் செம்முடி ஒட்டியிருந்தது.

"சாணத்துல கிடந்த முடியா இருக்கும்" என்றாள் தங்கலட்சுமி.

"இருக்கும்" என்றார்.

அவள் அந்தப் பள்ளத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"வியாபாரிய வரவேணாம்னு சொல்லிருங்க."

பிறகு மறுபக்கத்திலும் ஒரு கட்டுத் தட்டையை அவிழ்த்துப் போட்டாள்.

மாதம் முடிந்தது, மழையும் பெய்தது.

"என்ன மாமா, ஊரே வெதைக்குது. நீங்க குவியலக் காவல் காக்குறீகளா?" என்றான் பக்கத்துக் காட்டுப் பாண்டீஸ்வரன்.

"இன்னும் பக்குவம் வரலப்பா" என்றார் சுந்தரபாண்டி.

அவருக்குப் பின்னால் தங்கலட்சுமி, கயிறு எட்டாத மறுபக்கத்தில் தின்று மிச்சமாகக் கிடந்த தட்டைக் கூளத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.