மாசி மாதத்து ஒதியன்

நின்றுவிட்டாள்.

ஒதிய மரத்தின் நடு உடம்பில் சிவப்புப் பெயின்ட். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம்.

நேற்று மாலை நடந்தபோது அது இல்லை.

மாசி. பூங்காவின் காட்டுப் பகுதி முழுக்க உதிர்ந்துகொண்டிருந்தது. வாதாம் இலைகள் சிவந்து தொங்கின. புங்கு ஒரே வாரத்தில் மஞ்சளாகிக் கொட்டி, அடுத்த வாரமே பளபளவென்று தளிர் விட்டுவிட்டது. அதற்கு எப்போதும் அவசரம். ஒதியன் அப்படியில்லை. ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, மாதக்கணக்கில் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும். யார் என்ன நினைத்தாலும் அதற்குக் கவலை கிடையாது.

பன்னிரண்டு வருடமாகத் தினமும் இந்த வழியில் நடக்கிறாள். முட்டி வலித்தால் உட்காருவது இதன் வேரில்தான்.

வட்டம் போட்டதெல்லாம் பட்ட மரமாம். நாளைக் காலை வெட்ட ஆள் வருகிறதாம். சருகு கூட்டுகிற பாவாயி சொன்னாள்.

இலை உதிர்கிற மாதத்தில் வந்து பட்ட மரத்தைக் கணக்கெடுத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். தூங்குகிறவனைப் பார்த்துச் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்து நகத்தால் கீறினாள்.

பச்சை. ஈரப் பச்சை.

வட்டம் போட்ட மற்ற இரண்டு மரங்களையும் கீறிப் பார்த்தாள். அவை உலர்ந்துதான் கிடந்தன. சரி, வெட்டட்டும். நியாயம் நியாயம்தான்.

ஒதியன் குச்சியை ஒடித்துக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி நாற்காலியை விட்டு அசையவில்லை. பட்டியல் மேலே போய்விட்டது, இனித் திருத்த முடியாது என்றார். ரிட்டயர் ஆன பிறகு டீச்சருக்கு வீட்டில் பொழுது போகவில்லை போல என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதுதான் சுட்டது.

அறுபது முடிந்த அன்று அவளுக்கும் ஒரு சால்வை போர்த்தி, ஒரு குத்துவிளக்கைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளே பச்சை இருக்கிறதா என்று எவரும் கீறிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனு எழுதினாள். யாருக்கு அனுப்புவது? நாளைக் காலைக்குள் எவன் படிப்பான்? கிழித்துப் போட்டாள்.

முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்தியவள். ஒருமுறை, பள்ளிக்கூட வேம்புக்குப் பிள்ளைகள் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள் என்று ஒரு வகுப்பையே நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். மரம் மரம்தான் என்றாள்.

சமையலறைக்குப் போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள்.

காலையில் பூங்கா திறந்தவுடன் முதல் ஆளாக நுழைந்தாள். தூக்கில் குழைத்த மஞ்சள். பையில் பழைய மஞ்சள் சேலையிலிருந்து கிழித்த ஒரு முழத் துண்டு. ஃப்ரிட்ஜில் கிடந்த எலுமிச்சம்பழம்.

சிவப்பு வட்டத்தைத் தொடாமல் அதைச் சுற்றிலும் மஞ்சளை அப்பினாள். குங்குமம் வாங்க வேண்டியிருக்கவில்லை. அதை அரசாங்கமே வைத்துக் கொடுத்திருந்தது.

துணியைக் கட்டினாள். வேரில் மூன்று கல்லை நட்டு, முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

வெட்கமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கையைக் கழுவிக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள்.

எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். உலர்ந்த மரங்கள் இரண்டும் சாய்ந்தன. மூன்றாவதன் அருகே வந்ததும் அறுக்கும் மெஷினின் சத்தம் நின்றது. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். நடக்க வந்த பெண்கள் இருவர் அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கற்பூரம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அதிகாரி வேகமாக வந்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

இது எப்போது வந்தது என்று அதட்டினார். பாவாயி துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

"அது ரொம்ப நாளா இருக்குதுங்க சார்."

அவளுக்குப் பேப்பரில் எழுத்து மங்கியது. சொல்லி வைத்தது இல்லை, கேட்டுக்கொண்டதும் இல்லை. பாவாயி பாட்டுக்குச் சருகைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அதிகாரி வெட்டச் சொன்னார். மேஸ்திரி மெஷினை இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினான். மரியாதையாகத்தான் நீட்டினான்.

"மொத வெட்டு நீங்க வையுங்க சார். பொறவு நாங்க பாத்துக்கறோம்."

அதிகாரி அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேரை மிதித்துக்கொண்டிருந்த ஷூவை மெல்லப் பின்னால் எடுத்தார். பையிலிருந்த பட்டியலை விரித்து, பேனாவால் ஒரு வரியை அடித்தார்.

திருத்தவே முடியாத பட்டியல்தான்.

எல்லோரும் போன பிறகு எழுந்தாள். முட்டி கெஞ்சியது. வழக்கமான வேரில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கீறிய கிளையையும் ஒருதரம் பார்க்க வேண்டும்.

மரத்தடியை மிதிக்கப் போனாள்.

"டீச்சர்," என்றாள் பாவாயி. குரலில் விளையாட்டே இல்லை. "செருப்பு."

அவள் பாவாயியைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள்.

குனிந்து வாரை அவிழ்த்தாள்.