வீரபாண்டியின் கைராசி

"உங்க வீட்டுக்காரர் உள்ளயே இருக்கட்டும்மா. வெளிய தலை காட்டக்கூடாது."

வனக்காப்பாளர் வீரபாண்டி பைக்கை நிறுத்தும்போதே கறாராகச் சொன்னார். மாரீஸ்வரி கதவைச் சாத்தினாள். முற்றத்தில் நின்ற மூன்று மாத மயில் குஞ்சு பவுனு, சாத்திய கதவையே பார்த்தது.

"அவுக இல்லாம இது இரை எடுக்காது சார். பருத்திக்காட்டு உழவுல கூடு கலைஞ்சு ஒத்த முட்டைதான் மிஞ்சுச்சு. அவுக சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாரையில பொரிஞ்சுருச்சு. அன்னையிலருந்து அவுகதான் இதுக்கு ஆத்தா."

"அதான்மா வினையே! கண்ணு முழிச்சதும் எதப் பாக்குதோ அதைத் தாயின்னு நெனச்சுக்கும். மனுசன் பின்னாடியே திரிஞ்சா நாய் கடிச்சிரும், லாரி அடிச்சிரும். காட்டுல மத்த மயிலுகளோட சேரணும். சேரலைன்னா காலத்துக்கும் கூண்டுதான்."

கூண்டு என்றதும் மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீரபாண்டி உட்கார்ந்து கையை நீட்டினார். பவுனு ஒரு நொடி பார்த்தது. அப்புறம் குடுகுடுவென்று ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது.

"பாத்தீங்களா கைராசியை? எந்தப் பறவையும் எங்கிட்ட ஒட்டிக்கும்!"

மாரீஸ்வரிக்கு வயிறெரிந்தது. மூன்று மாதமாகக் கம்பும் கரையானும் தேடிக்கொண்டுவந்து வைத்தவள் அவள். ஒரு நாள்கூட அது அவளிடம் வந்ததில்லை. வீரபாண்டி பவுனுவைக் காட்டில் விடப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பைக் சத்தம். பெட்ரோல் டேங்க் மேல் பவுனு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"திருச்சுழிப் பக்கம் கருவேலங்காட்டுல மூணு தடவை விட்டேம்மா. பத்து மயிலு மேயுது, இது ஏறிட்டுப் பாக்கலை. என் பின்னாலயே ஓடியாருது! ராத்திரி ஆணியில மாட்டுன என் சட்டைக்குக் கீழதான் படுத்துச்சு. எம் பொண்டாட்டி சிரிக்கிறா."

"கைராசி சார்," என்றாள் மாரீஸ்வரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கிண்டல் பண்ணாதீங்க. இது கூண்டுக்குப் போறதுல எனக்கும் இஷ்டமில்ல. உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, ஒரு வழி கேப்போம்."

கதவு திறந்தது. ஷேர் ஆட்டோ எடுக்கக் கிளம்பிய தவசி, தேய்த்த காக்கிச் சட்டையில் வெளியே வந்தார்.

பவுனு அவரைப் பார்த்தது. வீரபாண்டியைப் பார்த்தது. நடுவில் நின்று திருதிருவென்று விழித்தது.

வீரபாண்டி மெல்லக் குனிந்து தன் காக்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"தவசி... வெள்ளைச் சட்டை ஒண்ணு இருந்தாக் குடுங்க. காட்டுக்கு இன்னொரு நடை போயிட்டு வந்துர்றேன்."