சாக்பீஸ் வட்டம்

தரையில் மண்டியிட்டு, சிமெண்டில் காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

இன்னும் மணி அடிக்கவில்லை.

கையில் சாக்பீஸ் தயாராக இருந்தது. பிளம்பர் ஆரோக்கியம் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

மாடிக் குளியலறையை இடித்துப் பக்கத்துச் சாமான் அறையோடு சேர்க்கிறாள். குழாய் எங்கே, ஹீட்டர் எங்கே, வாஷ்பேசின் எங்கே என்பதெல்லாம் மத்தியானமே முடிவாகிவிட்டது. ஆரோக்கியம் காட்டிய இடத்துக்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டினாள்.

கக்கூஸுக்கு மட்டும் அவள் சொல்கிற இடம்தான்.

கீழ்வீட்டுப் பூஜையறைக்கு நேர் மேலே.

"அக்கா, கீழ சாமி ரூமுங்க" என்று இழுத்தார் ஆரோக்கியம்.

தெரியாமலா? மாடி பிறகு எழுப்பியது. கீழே உள்ள சுவரும் மேலே உள்ள சுவரும் நேராக வராது. அதனால்தான் விளக்கேற்றும் நேரத்து மணிக்குக் காத்துக் கிடக்கிறாள். ஒரு சாண்கூடத் தப்பக் கூடாது.

பைப் கீழே இறங்காது. தரையை ஒரு படி உயர்த்தி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோய்விடலாம். கீழே யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஃபிளஷ் டேங்கைத் திறந்துவிட்டால் சத்தம் கீழே கேட்கும் என்று ஆரோக்கியம் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

அதைக் கேட்டபோது அவளுக்கு நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது.

கீழே இருப்பவள் ஓரகத்தி வனஜா. கொழுந்தன் பெண்டாட்டி. அவள் கற்பூரத் தட்டோடு நிற்கும்போது இங்கே தண்ணீர் இறங்க வேண்டும். தட்டோடு அண்ணாந்து பார்க்க வேண்டும் அவள். அந்த முகத்தை நினைத்து நினைத்தே இந்த மாதம் முழுக்கச் சோறு இறங்கியது.

கணவனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள், இவள் வழக்கம்போல் பூஜையறைக்குப் போனாள். வனஜா நிலையில் கையை வைத்து மறித்தாள்.

"அக்கா, இனிமே விளக்கை நான் ஏத்திக்கிறேன். நீங்க வெளியில இருந்தே கும்பிட்டுக்குங்க."

அந்தக் குத்துவிளக்கு இவள் பிறந்த வீட்டுச் சீர். கல்யாணமான நாளிலிருந்து புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தது இவள் கை. பாகம் பிரித்து மாடிக்கு வந்தபோது அதைக் கேட்டாள். சாமி முன்னால் வைத்ததை எடுக்கக் கூடாதாம். அதற்கும் வனஜா ஒரு சாஸ்திரம் வைத்திருந்தாள்.

சாஸ்திரம்!

மணி அடித்தது.

காதை நகர்த்தினாள். இங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி. இதோ, சத்தம் நேராக ஏறி வருகிறது. சாக்பீஸை அழுத்தி வட்டம் போட்டாள். போட்ட வட்டத்தின் மேலேயே இன்னொரு முறையும் போட்டாள்.

மணி விடாமல் அடித்தது. ஜன்னல் வழியாகக் கற்பூர வாசனை வந்தது.

விளக்கின் ஐந்து முகமும் எரிந்துகொண்டிருக்கும்.

மணி ஓய்ந்ததும் நிமிர்ந்தாள். ஆரோக்கியம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னத்துல சாக்பீஸ்க்கா. ரெண்டு பக்கமும்."

கைகளைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக இருந்தன.

பாழாய்ப்போன கைகள். யாரைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டன?

விளக்கைத் தொடாதே என்று சாமி சொல்லவில்லை. சாமிக்கும் அவளுக்கும் ஒரு வழக்கும் இல்லை. அது பாவம், அதுபாட்டுக்கு இருக்கிறது.

முந்தானையால் வட்டத்தை அழித்தாள்.

ஆரோக்கியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல மனசுக்கா உங்களுக்கு" என்று எழுந்து டேப்பை எடுத்தார்.

அவள் வேறு கணக்கில் இருந்தாள்.

பூஜையறைக்கு வடக்கே, ஒரு சுவர் தள்ளி, வனஜாவின் படுக்கையறை. குறுகல் அறை, கட்டிலைத் தெற்கு வடக்காகத்தான் போட முடியும். வனஜா எதிலும் சாஸ்திரம் தவறாதவள். வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டாள். சாமி இருக்கும் பக்கம் காலை நீட்டவும் மாட்டாள்.

அப்படியென்றால் தலையணை பூஜையறைச் சுவரை ஒட்டித்தான்.

மண்டியிட்டபடியே வடக்கே நகர்ந்தாள். சுவரைத் தாண்டியாயிற்று என்று நிச்சயமானதும் புதிதாக ஒரு வட்டம் போட்டாள்.

கன்னத்துப் பொடியை அவள் இன்னும் துடைக்கவில்லை.

"இங்க வைங்க ஆரோக்கியம்" என்றாள். "சத்தம் நல்லா வர்ற டேங்காப் பாத்து வாங்குங்க."