விரலகல வெள்ளை

பீளமேட்டு அலுவலகத்தில் மத்தியான வெயில் திரையில் விழாதபடி மதிவதனி துப்பட்டாவை ஜன்னலில் கட்டியிருக்கிறாள். நாற்பது வருஷத்துக்கு முன் கடலடியை அதிரவைத்துப் பதிந்த காந்த நாடா, ஈரம் போகச் சூட்டுப்பெட்டியில் கிடந்துவிட்டு, இப்போது சரசரவென்று சுழல்கிறது. திரையில் பாறையடுக்குகள் கறுப்புக் கோடுகளாய் இறங்குகின்றன. நடுவில் விரலகலம் பதிவு அழிந்து வெறும் வெள்ளை. “ஏனுங்க அம்மணி, பக்கத்துக் கோடுகளை இழுத்து ஒட்டிப்போட்டா யாருக்குத் தெரியும்? எண்ணெய்க் கம்பெனிக்காரங்க சாயங்காலம் இந்தப் பதிவுக்கு உரிமம் வாங்க வாராங்க,” என்கிறார் முதலாளி சென்னியப்பன். “அதை நம்பி அங்கயே போர் போட்டாங்கன்னா?” “வெள்ளையைப் பாத்துட்டு வாங்காமப் போயிட்டா?” “போனாப் போறாங்க.” சென்னியப்பன் பேனாவைத் திறந்து, உரிமப் பத்திரத்தில் ‘இவ்விடத்தில் பதிவு இல்லை’ என்று தானே எழுதுகிறார். “எழுத்து கோணுதுங்களே,” என்கிறாள் மதிவதனி. “பழக்கமில்லாத எழுத்து கண்ணு, வேறென்ன!”